போய் வருகிறேன்: தஞ்சோங் பகாரும் ஒருநாள் பயணமும்

முன்னுரை

தமிழர் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்வர். போவதைக் காட்டிலும் திரும்பி வருவதே பெரிது என்னும் எண்ணம் இந்த இரு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. காலையில் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்பும் ஒருநாள் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறில்லை.

ஜொகூர் பாரு நகரையொட்டி இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளியில், ஆசிரியர் கூட்டமொன்றில் ஒரு வினா எழுந்தது. ஆறாம் ஆண்டு மாணவர் இருபத்து மூவரையும் கல்விச் சுற்றுலாவாக ஒரு நாள் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லலாமா என்பதே அவ்வினா. தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பு, துறைமுகம், நாராயண பிள்ளை 1827ஆம் ஆண்டில் தோற்றுவித்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் ஆகியவற்றைக் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்றார் இளம் ஆசிரியர் ஒருவர். தொலைவு முப்பது கிலோமீட்டருக்குள்தான். பேருந்துக் கட்டணமும் பெற்றோருக்குப் பெருஞ்சுமை அன்று. ஆயினும் தலைமையாசிரியன் என்ற முறையில் அன்றே 'ஆம்' என்று சொல்ல என்னால் இயலவில்லை. அதற்குரிய காரணத்தை இறுதியில் கூறுவேன். இவ்வளவு அருகில் உள்ள ஓர் இடத்துக்குப் போய் வருவது எப்படி இவ்வளவு எண்ணிப் பார்க்க வேண்டிய செயலாயிற்று என்பதை முதலில் வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

பெயரும் துறைமுகமும்

'தஞ்சோங்' என்பது மலாய் மொழியில் நிலமுனையைக் குறிக்கும்; 'பகார்' என்றால் வேலி. வேலிமுனை என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். கரையோர மக்களைத் தாக்கிய கூர்மூக்கு மீன்களை வாழைத்தண்டு வேலியிட்டுத் தடுக்கலாம் என்று ஒரு சிறுவன் அறிவுரை சொன்ன கதை 'செசாரா மெலாயு' என்னும் பழைய மலாய் நூலில் வருகிறது. அவன் அறிவைக் கண்டு அஞ்சிய அரசவை அவனையே கொன்றது என்று அக்கதை முடியும். மீன் பிடிப்பதற்குக் கடலில் நட்ட கழிகளால் இப்பெயர் வந்தது என்று கூறுவாரும் உளர். எப்படியாயினும், வேலியின் பெயரைத் தாங்கிய இடம் எல்லையின் வரலாற்றையும் தாங்க நேர்ந்தது வியப்புக்குரியது.

1864ஆம் ஆண்டில் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டுகளில், அதாவது 1869இல், சூயசுக் கால்வாய் திறக்கப்படவே ஐரோப்பாவுக்கும் கீழ்த்திசைக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் பெருகின. கப்பல் பெருகியபோது நிலக்கரி சுமக்கவும், மூட்டை இறக்கவும், கப்பலைப் பழுது பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. அவ்வேலைக்கு வந்தோருள் தமிழர் பலர். 1905ஆம் ஆண்டில் அக்கம்பெனியை அரசாங்கம் தன்வயப்படுத்தியது. 1913இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியம் அமைந்தது.

துறைமுகத்தைச் சுற்றித் தமிழ்க் குடியிருப்புகள் வளர்ந்தன. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த முசுலிம் குடும்பங்கள் தஞ்சோங் பகாரில் திரளாக வாழ்ந்தன. அவர்தம் அமைப்பாகிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முசுலிம் லீக் 1946ஆம் ஆண்டில் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியை இங்கே நிறுவியது. தமிழ்வழி உயர்நிலைக் கல்வி வரை வளர்ந்த அப்பள்ளி 1982இல் மூடப்பெற்றது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை ஒரு துறைமுகப் பேட்டையின் பள்ளிக்குச் சூட்டிய அந்த உழைப்பாளிகளின் தமிழுணர்வு நம்மனோர் எண்ணி மகிழத்தக்கது.

நீரிணையைக் கடந்த வழி

சிங்கப்பூரின் முதல் இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அது தேங்க் சாலையில் தொடங்கி, புக்கிட் தீமா வழியாக வடகரையில் உள்ள உட்லண்ட்சு வரை சென்றது. தேங்க் சாலையில் 1859இலேயே நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலுக்கு அருகிலேயே அந்நாளைய நிலையம் இருந்தது. பாதை நீரிணையின் கரையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஜொகூர் பாருவுக்குப் படகில் ஏற வேண்டும். 1909இல் ஜொகூர் மாநில இருப்புப்பாதை முழுமை பெற்றதும் வடக்கே பிறை வரை தொடர்பு கிட்டியது. எனினும் நீரிணை மட்டும் படகையே நம்பியிருந்தது. படகு தாழ்ந்தால் வண்டி தவறும்; வண்டி தவறினால் இரவைக் கரையில் கழிக்க வேண்டும். அக்காலத்தில் அக்கரைக்கு ஒருநாள் பயணம் என்பது துணிவுடையார் செயல்.

இக்குறையைப் போக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டிப் பாதையமைக்கும் பணி 1919இல் தொடங்கிற்று. புலாவ் ஊபின், புக்கிட் தீமா ஆகிய இடங்களில் வெட்டிய கருங்கல் அதற்குப் பயன்பட்டது. 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் உழைத்தனர். 1,056 மீட்டர் நீளமுள்ள அக்கடற்பாலத்தில் 1923 செப்டம்பரில் சரக்கு வண்டியும், அக்டோபர் முதல் நாளில் பயணிகள் வண்டியும் ஓடத் தொடங்கின. 1924 சூன் 28ஆம் நாள் முறைப்படி திறப்புவிழா நடைபெற்றது. அன்று முதல் சிங்கப்பூர் தீவாக இருந்தும் தீவன்று எனலாம்.

பாலம் வந்தபின் பழைய நிலையம் போதவில்லை. இருப்புப்பாதை துறைமுகத்தைத் தொட வேண்டும், கப்பலும் இரயிலும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும் என்ற நோக்கில் தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் எழுந்தது. 1932 மே 2ஆம் நாள் ஆளுநர் சர் செசில் கிளமெந்தி அதனைத் திறந்துவைத்தார். முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்னும் நான்கையும் உருவகப்படுத்திய நான்கு சிலைகளை இத்தாலியச் சிற்பி ருடோல்ஃபோ நோலி வடித்தார். உயர்ந்து வளைந்த கூரையின் கீழே ஆறு சுவரோவியங்கள் மலாயாவின் தொழில்களைக் காட்டின. அவற்றுள் ஒன்று பால்மரம் சீவும் காட்சி. அந்நிலையத்தில் வந்திறங்கிய தோட்டத் தமிழன் தலைநிமிர்ந்து பார்த்தால், தான் அன்றாடம் செய்யும் வேலையையே சுவரில் கண்டிருப்பான். அவன் பெயர் அங்கே இல்லை. தொழில் மட்டும் இருந்தது.

அதே 1932ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் தோன்றியது. கோ. சாரங்கபாணியார் 1935 சூலையில் தொடங்கிய 'தமிழ் முரசு' சிங்கப்பூரோடு நில்லாமல் மலாயாத் தோட்டங்களிலும் படிக்கப்பட்டது. தமிழர் சிந்தனையில் அக்கரை இக்கரை என்ற பிரிவு அந்நாளில் இல்லை.

ஒரு நாளின் கணக்கு

வரலாற்று நூல்கள் பாலத்தின் நீளத்தையும் நிலையத்தின் உயரத்தையும் சொல்லும். பயணம் செய்வதா வேண்டாவா என்று எளியவன் போட்ட கணக்கைச் சொல்லமாட்டா. அக்கணக்கை நான் என் தாத்தாவிடம் கேட்டறிந்தேன்.

தாத்தாவும் அவர் தம்பியும் 1937ஆம் ஆண்டில் 'ரஜூலா' கப்பலில் ஒன்றாக வந்தவர்கள். அடுத்த ஆண்டே, அதாவது 1938இல், கூலியாட்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. ஆதலின் அவர்களுக்குப் பின் ஊரிலிருந்து உறவினர் எவரும் வர வழியில்லாமற் போயிற்று. அண்ணனுக்குத் தம்பியும் தம்பிக்கு அண்ணனுமே சுற்றம். தாத்தா ரெங்கம் பகுதியில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தம்பி, போருக்குப்பின் துறைமுக வேலைக்குச் சிங்கப்பூர் சென்றுவிட்டார். நான் அவரைச் சின்னத்தாத்தா என்று அழைப்பேன்.

ரெங்கம் நிலையத்தில் விடியற்காலை வண்டியேறினால் முற்பகலில் தஞ்சோங் பகார் வந்துவிடலாம். மாலை வண்டியில் திரும்பலாம். இடையில் கிடைப்பது நான்கைந்து மணிநேரம். ஆனால் அந்த ஒரு நாளுக்குக் கொடுக்கும் விலை சிறியதன்று. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்காத நாளுக்குக் கூலி கிடையாது. கங்காணியிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கிராணியின் மனம் கோணாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். போகவரக் கட்டணம் வேறு. வெறுங்கையோடு போகலாகாது, வாழைக்குலையோ நாட்டுக்கோழியோ கொண்டு செல்ல வேண்டும். திரும்பும்போது தம்பி காக்கித் துணியும் பிசுகோத்துத் தகரமும் பழைய தமிழ் முரசு இதழ்க் கட்டும் கொடுத்தனுப்புவார். இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் தாத்தா ஆண்டுக்கு மூன்று முறை என்று வரையறுத்துக்கொண்டார். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, காரணமே இல்லாமல் ஒன்று.

காரணம் இல்லாத அந்த மூன்றாம் பயணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகம் மலரும். கூலியை இழந்து, காசு செலவழித்து, யாதொரு வேலையும் இன்றித் தம்பியோடு ஒருவேளை சோறுண்டு திரும்புவது. பொருளியல் நோக்கில் அது வீண். ஆனால் அந்நாளையத் தொழிலாளிக்கு, தானும் பிறரைப்போல் ஒரு மனிதன் என்று மெய்ப்பித்துக்கொள்ள இருந்த வழிகளுள் அதுவும் ஒன்று.

வராத வண்டிகள்

போய்த் திரும்பும் பாதையே போய்த் திரும்பாத பாதையாகவும் மாறியதுண்டு. 1942 சனவரி 31ஆம் நாள், தீபகற்பத்திலிருந்து பின்வாங்கிய பிரிட்டிசுப் படையினர் கடற்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். ஆயினும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

சப்பானியர் பாலத்தைச் சீர்செய்து, வண்டிகளை மீண்டும் ஓட்டினர். சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைப்பதற்காகப் போர்க் கைதிகளை மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து, சிங்கப்பூரிலிருந்து சயாமின் பான்போங் வரை ஏறத்தாழ ஐந்து நாள் கொண்டு சென்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரும் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி, பிறகு வீடு என்று ஆசை காட்டப்பட்டோர் பலர்; வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் பலர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களுள் பெரும்பகுதியினரைத் தின்று தீர்த்தன. 'போய் வருகிறேன்' என்று லயத்து வாசலில் சொன்னவர்களை எதிர்பார்த்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. எங்கள் தோட்டத்து முதியவள் ஒருத்தி, அறுபதைக் கடந்த பிறகும் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பாள் என்று என் தந்தையார் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாடு இரண்டானது

போருக்குப்பின் பாதை மீண்டும் மக்களுடையதாயிற்று. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு அடையாள அட்டை வந்தபோதிலும், சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடையே உறவினர் போக்குவரவு நின்றுவிடவில்லை. 1952 முதல் சாரங்கபாணியார் முன்னின்று நடத்திய தமிழர் திருநாள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கொண்டாடப்பெற்றது. சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய இயல் துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. துறை ஓரிடம், வாசகர் ஓரிடம், எழுதுவோர் இரண்டிடம் என்றிருந்த அந்நாளில் தமிழ்ப்பணி இரயில் ஏறியே நடந்தது.

1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானது. சிங்கப்பூர் அதனுள் ஒரு மாநிலமாயிற்று. 1965 ஆகசுட்டு 9இல் பிரிந்தது. பிரிவுச் செய்தியை வானொலியில் கேட்ட அன்று எந்தத் தோட்டத்திலும் வேலை நிற்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் வண்டியும் ஓடியது. மாற்றம் மெல்ல மெல்லவே தெரிந்தது. 1967இல் கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது, கடவுச்சீட்டு தேவையாயிற்று. அதே ஆண்டு சூன் மாதத்தில் நாணயம் இரண்டாயிற்று. 1973 மே மாதம் வரை இரு வெள்ளிக்கும் ஒரே மதிப்பு இருந்தது, பின்னர் அதுவும் நீங்கியது. 1982 சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியபோது சிங்கப்பூரும் உடன் தள்ளிற்று. நேரத்தில் மட்டும் இரு நாடுகளும் பிரியவில்லை.

இங்கே ஆசிரியரும் மாணவரும் கருத வேண்டிய ஒன்று உண்டு. எல்லைக்கோடு எல்லோர்க்கும் ஒரே கோடன்று. கடவுச்சீட்டு உடையவனுக்கு அது வரிசையில் நிற்கும் சில மணித்துளி. குடியுரிமை அற்றவனுக்கு அதுவே மதில். 1957ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்றபோது, வெளிநாட்டில் பிறந்தோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாமையாலும், தக்க சான்று இல்லாமையாலும், 'நாம் என்றைக்கிருந்தாலும் ஊருக்குப் போகிறவர்கள்தாமே' என்ற எண்ணத்தாலும் நம்மவர் பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டனர். அவர்கள் கைக்கு வந்தது சிவப்பு அடையாள அட்டை. 1969க்குப்பின் குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது அவ்வட்டையின் பொருள் அவர்களுக்குப் புரிந்தது. பல்லாயிரவர் இந்தியாவுக்கே திரும்பினர்.

என் தாத்தா திரும்பவில்லை. அவரிடம் இருந்ததும் சிவப்பு அட்டைதான்.

1981ஆம் ஆண்டுப் பயணம்

1967க்குப்பின் தாத்தாவின் ஆண்டுக்கு மூன்று பயணங்களும் நின்றுபோயின. கடவுச்சீட்டு எடுக்கப் பிறப்புச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் அவர் பிறந்த சிற்றூரில் அவர் பிறப்பை யார் எழுதி வைத்தார்கள்? சின்னத்தாத்தா சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டமையால் அவர் மட்டும் இப்பக்கம் வந்து போனார். முதுமையால் பின்னர் அதுவும் குறைந்தது.

1981ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. சின்னத்தாத்தா இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. தந்தையாருக்குத் தோட்டத்தில் ஒரே ஒரு நாள் விடுப்புக் கிடைத்தது. அவருடைய கடவுச்சீட்டில் என் பெயரும் இருந்தபடியால் என்னையும் அழைத்துச் சென்றார். தாத்தா எங்களோடு ரெங்கம் நிலையம் வரை வந்தார். வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் அணிந்து, பயணம் புறப்படுபவர் போலவே வந்தார். வண்டி வந்தது. நாங்கள் ஏறினோம். அவர் ஏறவில்லை.

தஞ்சோங் பகார் நிலையத்தை நான் முதன்முதலில் கண்டது அன்றுதான். கூரையின் உயரத்தைப் பார்த்து வாய்பிளந்து நின்ற என்னைத் தந்தையார் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். இறுதிச் சடங்கு முடிந்ததும் அதே நிலையத்துக்கு ஓடிவந்து மாலை வண்டியைப் பிடித்தோம். மறுநாட் காலையில்தான் சாம்பலைக் கடலில் கரைப்பார்கள். அதற்கு இருக்க எங்களுக்கு விடுப்பு இல்லை.

இருட்டிய பிறகு ரெங்கம் வந்து இறங்கினோம். காலையில் விட்டுப்போன அதே பலகையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். "நெருப்பு யாரு வச்சது?" என்று கேட்டார். தந்தையார் சொன்னார். "சாம்பல எங்க கரைப்பாங்க?" என்று கேட்டார். "துறைமுகத்துக்குத் தெற்கே, கடல்லப்பா" என்றார் தந்தையார். தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கடல்தானே, நம்ம பக்கமும் வரும்" என்று சொல்லி எழுந்து நடந்தார்.

எல்லை என்றால் என்ன என்று பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்தினார்கள். அன்றிரவே நான் அதைப் படித்து முடித்திருந்தேன்.

மூடிய நிலையம்

நிலையத்தின் பிற்காலக் கதையைச் சுருங்கக் கூறலாம். நிலம் சிங்கப்பூரில் இருந்தும், நிலையமும் பாதையும் மலேசிய இருப்புப்பாதைக்கு உரியனவாகவே நீடித்தன. 1998 வரை இரு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் அந்நிலையத்திலேயே பணிபுரிந்தனர். அவ்வாண்டு ஆகசுட்டு முதல் நாள் சிங்கப்பூர் தன் சோதனைச்சாவடியை உட்லண்ட்சுக்கு மாற்றிக்கொள்ள, மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரிலேயே தங்கினர். இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. வடக்கே செல்லும் பயணி தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழையும் சோதனையை முதலில் முடித்து, அதன்பின் உட்லண்ட்சில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் சோதனையைச் சந்தித்தான். புறப்படுமுன்பே போய்ச் சேர்ந்துவிட்ட பயணம் உலகில் வேறெங்கும் உண்டோ?

2010 மே மாதம் இரு நாட்டுத் தலைவர்களும் உடன்பாடு கண்டனர். 2011 ஏப்ரலில் நிலையம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் இரவு கடைசி வண்டி புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம். அந்தக் கடைசி வாரத்தில் நானும் ஒரு நாள் சென்று நடைமேடையில் நின்றேன். நிழற்படம் எடுப்போர் கூட்டத்தில் சில முதிய தமிழர் படம் எடுக்காமல் வெறுமனே அமர்ந்திருந்தனர். அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

2015 சூலை முதல் உட்லண்ட்சுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே 'தெப்ராவ்' வண்டி ஓடியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் எல்லையை மூடியது. நாள்தோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்த பாலம் வெறிச்சோடியது. சிங்கப்பூரில் வேலை செய்த நம் மாணவர்தம் பெற்றோர் சிலர் திங்கட்கணக்கில் வீடு திரும்ப இயலவில்லை. பெற்ற தாயின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டோரும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் நாளில் தரைவழி எல்லை மீண்டும் திறந்தது. புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்சு வடக்குக்கும் இடையே, ஐந்து மணித்துளிகளில் நீரிணையைக் கடக்கும் விரைவு இரயிலும் திட்டமிடப்பட்டுக் கட்டப்பெற்றது. படகில் தொடங்கிய வழி இவ்வாறு விரைவு பெற்றது. ஆனால் விரைவு மட்டுமே வழியைத் திறந்துவிடுவதில்லை.

முடிவுரை

இனி, என் தயக்கத்துக்கு வருகிறேன். இருபத்து மூன்று மாணவருள் ஒருவனுக்கு ஆவணம் இல்லை. அவன் பிறந்தது இந்நாட்டில். பேசுவது நம் தமிழும் இந்நாட்டு மலாயும். பெற்றோரின் திருமணம் பதிவு பெறவில்லை. தாயிடமும் உரிய சான்று இல்லை. சுற்றுலாப் பேச்சு வகுப்பறையை எட்டிய மறுநாள் அவன் என் அறைக்கு வந்தான். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் வரும் ஐயா" என்றான். நாளே குறிக்கப்படவில்லை, காய்ச்சலை அவன் குறித்துவிட்டான்.

இளம் ஆசிரியர் முன்வைத்த வாதத்தையும் நான் மறைக்கலாகாது. "ஒருவனுக்காக இருபத்திரண்டு பேரும் இழக்க வேண்டுமா? அவர்களிற் பலருக்கு இதுவே முதல் வெளிநாட்டுப் பயணமாகும். இழந்த வாய்ப்பு இவர்களுக்கு மீண்டும் வருமா?" என்று அவர் கேட்டார். அது நேர்மையான கேள்வி. இருபத்திரண்டு பேருடைய மகிழ்ச்சியும் சிறியதன்று. நெடுநாள் எண்ணினேன். எண்ணியபோதெல்லாம் ரெங்கம் நிலையத்துப் பலகையே கண்முன் வந்தது. அன்று என் தாத்தாவை ஏற்றாமற் சென்றது சட்டம்; இன்று இவனை ஏற்றாமற் செல்லப்போவது நானாக இருத்தல் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆகவே இவ்வாண்டு நாங்கள் பாலத்தைக் கடக்கவில்லை. இருபத்து மூவரையும் அழைத்துக்கொண்டு ஜொகூர் பாருவின் பழைய இரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து நீரிணைக் கரைக்கும் சென்றோம். கரையில் நின்றபடி பாலத்தின் வரலாற்றைச் சொன்னேன். அக்கரையைக் காட்டி, அதற்கப்பால் தெற்கே ஒரு நிலையம் உண்டு, அதன் சுவரில் பால்மரம் சீவும் ஓவியம் உண்டு என்றேன். சிலர் முகத்தில் ஏமாற்றம் இருந்ததை மறுக்கமாட்டேன். அந்த மாணவன் பாலத்தின் நீளத்தைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அவனுடைய பெற்றோரை அழைத்துப் பேசி, விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டும் வேலையைத் தொடங்கியுள்ளோம். அது எப்போது முடியும் என்று இன்று சொல்வதற்கில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு நான் கூறுவது ஒன்றே. மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லுமுன் பேருந்துக்கும் உணவுக்கும் கணக்குப் போடுகிறோம். எவன் வர இயலாது, ஏன் இயலாது என்ற கணக்கையும் போட்டுப் பாருங்கள். நம் சமூகத்தின் நூறாண்டு வரலாறு அந்த விடையில் இருக்கும். மாணவர்க்குச் சொல்வதும் ஒன்று உண்டு: உங்கள் வீட்டு முதியோரிடம், அவர்கள் போய் வந்த பயணங்களையும் போக முடியாமற் போன பயணங்களையும் கேட்டு எழுதி வையுங்கள்.

கரையிலிருந்து புறப்படும் வேளையில் மாணவர் கடலை நோக்கிக் கையசைத்தனர். "போய் வருகிறோம்" என்று ஒருத்தி கூவ, மற்றவரும் சேர்ந்து கூவினர். இருபத்து மூன்று குரல்களும் அதில் இருந்தன.